வெயிட் குறைக்கிற ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை நாள் ஆஸ்பத்திரில இருக்கணும்? என் அனுபவம்

வெயிட் குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்னு யார்கிட்ட சொன்னாலும் முதல் கேள்வி எத்தனை நாள் ஆஸ்பத்திரில இருக்கணும்ங்கிறதுதான். லீவு போடணும், கூட இருக்க ஆள் பாக்கணும், குழந்தைங்கள எங்கயாவது விடணும், அதனால கேக்குறதும் நியாயம்தான். நேரா பதில் சொல்லிடறேன். லேப்ராஸ்கோப்பில, அதாவது சின்ன துளை போட்டு கேமரா வச்சு பண்ற ஸ்லீவ், இரைப்பைய சின்னதாக்கி குடல மாத்தி இணைக்கிற பைபாஸ் ரெண்டுக்குமே பெரும்பாலும் 1 இல்லன்னா 2 ராத்திரி, சில பேருக்கு 3. வயித்துக்குள்ள பலூன் வைக்கிறது மட்டும்னா வாய் வழியா விடற கேமரா குழாய், அதாவது எண்டோஸ்கோப்பிலயே முடிஞ்சிடும், பொதுவா அன்னைக்கே அனுப்பிடுவாங்க. ஏதோ காரணத்தால வயித்த பெருசா கீறி திறந்து பண்ண வேண்டி வந்தா அது வேற கணக்கு, பல நாள் ஆகும்.

நான் பண்ணது ஸ்லீவ், அதாவது இரைப்பைல முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு மிச்சத்த ஒடுக்கமான குழாயா விடறது. எனக்கு முதல்ல சொன்னத விட ஒரு ராத்திரி கூட ஆச்சு. அப்படி ஒண்ணும் பெரிய சிக்கல் வரல, தண்ணி குடிக்க முடியல, அவ்ளோதான். ஆனா அந்த கூடுதல் ராத்திரிலதான் டாக்டருங்க டிஸ்சார்ஜ எப்படி முடிவு பண்றாங்கன்னு பக்கத்துல இருந்து பாத்தேன். காலண்டர யாரும் பாக்குறது இல்லீங்க. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க உடம்பு ஒரு நாலஞ்சு வேலைய செஞ்சு காட்டணும், செஞ்சு காட்டிட்டா போலாம், இல்லன்னா இருக்கணும்.

என்ன வேலைன்னா, வாய் வழியா போதுமான அளவு தண்ணி குடிச்சு அது வாந்தியா வெளிய வராம உள்ள தங்கணும். வலி ஊசி இல்லாம வாய்ல குடுக்குற மருந்துலயே அடங்கணும். யாரும் தூக்கி விடாம எழுந்து நடக்கணும், பாத்ரூம் போய் தானா யூரின் போகணும். ஜுரம் இருக்கக் கூடாது, பல்ஸ் படபடன்னு ஓடக் கூடாது, ஆக்சிஜன் மாஸ்க் இல்லாமலே ஆக்சிஜன் அளவு சரியா நிக்கணும். மோஷன் போயே ஆகணும்னு எங்க வார்டுல யாரையும் பிடிச்சு வைக்கல, அது வீட்டுக்கு வந்து சில நாள் கழிச்சு கூட ஆகலாம், நம்ம வீட்டு பெரியவங்கதான் அதப் பத்தி தினம் விசாரிச்சுகிட்டே இருப்பாங்க.

முன்னாடி எல்லாம் இந்த ஆபரேஷன்னா ஒரு வாரம் படுக்கணும்னு சொல்வாங்க, அது வயித்த திறந்து பண்ண காலம். இப்ப சின்ன சின்ன துளை அஞ்சு ஆறு போட்டு கேமரா வச்சு பண்றாங்க, மூக்கு வழியா டியூப், வயித்துக்குள்ள தேங்குற ரத்தம், நீர் வெளிய வர வைக்கிற டிரெயின் குழாய், யூரின் டியூப் இதெல்லாம் தேவைப்பட்டாதான் வைக்கிறாங்க, மயக்கம் தெளிஞ்ச சில மணி நேரத்துலயே எழுப்பி நடக்க விடறாங்க. சீக்கிரம் அனுப்புறாங்களே, பெட் காலி பண்ண அவசரமோன்னு எங்க அம்மாவுக்கு ஒரே சந்தேகம். உண்மை என்னன்னா வெயிட் அதிகமா இருக்கிற உடம்பு ஆபரேஷன் முடிஞ்சு படுத்தே கெடந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையுற ஆபத்து கூடும், நுரையீரலோட அடிப்பக்கம் சரியா விரியாம சளி கட்டும். அதனால படுக்கைல ரெண்டு நாள் அதிகமா கெடந்தா ரெண்டு பங்கு அதிக பாதுகாப்புன்னு கணக்கு போட முடியாது.

ஆபரேஷன் அன்னைக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது பாதிதான். ரெக்கவரி ரூம்ல கண்ணு முழிச்சப்ப வாய் காஞ்சு போயி நாக்கு அண்ணத்துல ஒட்டுது, ரெண்டு காலுலயும் ஏதோ மாட்டி இருக்காங்க, அது புஸ்ஸுனு காத்து அடைச்சு இறுக்கி இறுக்கி விடுது. ரத்தம் உறையாம இருக்கத்தான் அது. எல்லாரும் வயித்து வலியப் பத்தியே பயப்படுவாங்க, எனக்கு வயித்த விட தோள்பட்டைதான் உயிர எடுத்துச்சு. ஆபரேஷன் பண்ண இடம் வேணும்னு வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்சைடு காத்த நிரப்புவாங்க, முடிஞ்சதும் வெளிய எடுத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசை, உதரவிதானத்த உறுத்தும், அந்த உறுத்தல் தோள்ல வலியா தெரியும். நரம்பு வழி அப்படி. ரெண்டு மூணு நாள்ல தானா போயிடும், நடக்க நடக்க கொஞ்சம் லேசாகும்.

சாயங்காலம் சிஸ்டர் வந்து "எழுந்திரிங்கம்மா, ஒரு ரவுண்டு போலாம்"னாங்க. நானா? இப்பவா? பெட்டோட தலைப்பக்கத்த தூக்கி விட்டு, ஒருக்களிச்சு திரும்பி, கைய ஊனி, கால கீழ விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்து, அப்புறம் எழுந்தேன். நேரா மல்லாந்த நிலையில இருந்து எழுந்திருக்க மட்டும் முயற்சி பண்ணாதீங்க, துளை போட்ட இடம் எல்லாம் ஒரே நேரத்துல இழுக்கும், அதுலயும் வெட்டின இரைப்பைய வெளிய எடுத்த துளை ஒண்ணு இருக்கும் பாருங்க அது மத்ததை விட ரொம்ப நாள் வலிக்கும். ட்ரிப்ஸ் ஸ்டாண்ட ஒரு கைல பிடிச்சுகிட்டு தம்பி தோள்ல ஒரு கை வச்சு வார்டு கதவு வரைக்கும் போயிட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரியே இன்னொரு தடவையும் நடக்க விட்டாங்க. நடுவுல அந்த மூணு பந்து இருக்கிற பிளாஸ்டிக் டப்பா வேற, ஸ்பைரோமீட்டர், மூச்ச உள்ள இழுத்து பந்த மேல தூக்கணும், முழிச்சிருக்கிற நேரம் மணிக்கு பத்து தடவை. முதல் பந்து ஈஸியா வரும், ரெண்டாவது தயங்கித் தயங்கி வரும், மூணாவது பந்து என்னை மதிக்கவே இல்ல.

மறுநாள்தான் விஷயமே. காலைல டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பாத்துட்டு தண்ணி ஆரம்பிக்கலாம்னுட்டார். இருமல் மருந்து ஊத்திக் குடிக்கிற மூடி சைஸ்ல ஒரு சின்ன கப் குடுத்தாங்க, 30 மில்லி. அத ஒரே மடக்கா குடிக்கக் கூடாது, கால் மணி நேரத்துக்கு ஒரு கப்புன்னு நாக்க நனைச்சு நனைச்சு உள்ள விடணும். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு பாட்டில் தண்ணிய நின்னுகிட்டே காலி பண்றவ நான், இந்த கப்பப் பாத்து சிரிச்சேன். ரெண்டாவது கப்புலயே சிரிப்பு போயிடுச்சு. நெஞ்சுக்கு நடுவுல ஏதோ அடைச்ச மாதிரி ஒரு இறுக்கம், வாய்ல எச்சில் நுரை நுரையா ஊறுது, அப்புறம் குமட்டல். வெட்டித் தைச்ச இரைப்பை உள்ளுக்குள்ள வீங்கி இருக்கும், அந்த ஒடுக்கமான குழாய்ல இறங்க வழி கம்மி, அதனால முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஸ்லீவ் பண்ணவங்களுக்கு குமட்டல் ரொம்ப சகஜமாம். வாந்தி ஊசி போட்டாங்க, கொஞ்சம் அடங்குச்சு, திரும்ப வந்துச்சு.

தம்பி ஒரு பேப்பர்ல ஒவ்வொரு கப்புக்கும் ஒரு கோடு போட்டு வச்சுகிட்டான். மத்தியானம் வரைக்கும் அந்த பேப்பர்ல பாதி கட்டம் காலி. பக்கத்து பெட்ல ஒரு அம்மா பைபாஸ் பண்ணவங்க, என்னை விட வயசுல பெரியவங்க, எனக்கு முன்னாடியே டிரஸ் மாத்தி கிளம்பி ரெடியா உக்காந்திருக்காங்க. தம்பிக்கு பொறுக்கல, "என்னக்கா, அவங்களுக்கு குடலையே வெட்டி மாத்தி வச்சிருக்காங்க, அவங்களே போறாங்க, உனக்கு வெறும் ஸ்லீவ்தான, இன்னும் ஏன்?"னான். நானும் அதையேதான் டியூட்டி டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் சொன்னது ரொம்ப சிம்பிள், "அவங்க குடிக்கிறாங்கம்மா, நீங்க குடிக்கல. இப்ப அனுப்பினா மூணாவது நாள் டீஹைட்ரேட் ஆகி எமர்ஜென்சிக்கு வருவீங்க, அதுக்கு இன்னைக்கு ஒரு ராத்திரி ட்ரிப்ஸ் போட்டுட்டு போங்க."

இது வெறும் பேச்சு இல்ல. இந்த ஆபரேஷன் பண்ணவங்க திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி வர்ற காரணங்கள்ல முக்கியமானது உடம்புல நீர் வத்திப் போறதுதான். பழையபடி தாகம் எடுத்தா மடக் மடக்குன்னு குடிக்கிற வசதி இனிமே இல்ல, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தேறணும்னா நாள் முழுக்க அதே வேலையா குடிக்கணும், அந்த பழக்கத்த ட்ரிப்ஸ் கைல இருக்கும்போதே ஆரம்பிக்கிறது நல்லது. எனக்கு பச்சத் தண்ணிய விட லேசா வெதுவெதுப்பா இருந்தா இறங்குச்சு, இன்னொருத்தருக்கு ஜில்லுனு ஐஸ் துண்டுதான் ஒத்துக்கும், உங்களுக்கு எதுன்னு அங்கயே முயற்சி பண்ணிப் பாருங்க. ஸ்ட்ரா வேணாம்னு சொன்னாங்க, காத்தும் சேந்து உள்ள போகுமாம். சோடா மாதிரி கேஸ் இருக்கிறது பக்கமே போகக் கூடாது. அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல திடீர்னு அந்த இறுக்கம் தளர்ந்துச்சு, வரிசையா கப்பு கப்பா உள்ள போச்சு, காலைல தம்பியோட பேப்பர் நிரம்பி பின்பக்கம் திருப்பி எழுதிகிட்டிருந்தான்.

சிஸ்டருங்க அடிக்கடி வந்து பல்ஸ் பாக்குறாங்களே, தூங்க விட மாட்டேங்கிறாங்களேன்னு எரிச்சலா இருக்கும். பொறுத்துக்குங்க, இந்த ஆபரேஷன்ல பல்ஸ்தான் முதல் சாட்சி. தைச்ச இடத்துல கசிவு இருந்தா, அத லீக்குன்னு சொல்வாங்க, இல்ல உள்ள ரத்தம் போகுதுன்னா, வயிறு வலிக்கிறதுக்கு முன்னாடியே கூட பல்ஸ் ஏற ஆரம்பிக்கலாம். வெயிட் அதிகமா இருக்கிறவங்களுக்கு வயித்த அமுக்கிப் பாத்து கண்டுபிடிக்கிறது கஷ்டம், அதனால சும்மா படுத்திருக்கும்போது பல்ஸ் 120 தாண்டி இறங்காம நின்னா டாக்டருங்க விடவே மாட்டாங்க, ஸ்கேனுக்கு அனுப்புவாங்க, தேவைன்னா திரும்ப கேமரா போட்டு பாப்பாங்க. அப்படி ஒருத்தர பிடிச்சு வச்சா, எனக்கு அப்புறம் பண்ணவர் எனக்கு முன்னாடி போயிட்டாரேன்னு சண்டை போடக் கூடாது.

சில பேருக்கு ஆரம்பத்துலயே ஒரு நாள் கூட எழுதிடுவாங்க. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியா இருக்கிறவங்க, இன்சுலின் போடற சுகர்காரங்க, இதயம் கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க, ரத்தம் உறையாம இருக்க ஏற்கனவே மாத்திரை சாப்பிடறவங்க, முன்னாடி ஒரு தடவை இதே ஆபரேஷன் பண்ணி திரும்ப மாத்திப் பண்றவங்க. அந்த ஆப்னியாவுக்காக மாஸ்க் வழியா காத்து அடிக்கிற சிபாப் மெஷின் வச்சு தூங்குறவங்க உங்க மெஷினையும் மாஸ்கையும் மறக்காம கொண்டு போங்க, மயக்க மருந்தும் வலி மருந்தும் உடம்புல இருக்கிற அந்த ராத்திரிதான் அது ரொம்ப அவசியம். சுகர் இருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம், ஆபரேஷன் ஆன ஒண்ணு ரெண்டு நாள்லயே சுகர் மளமளன்னு இறங்கலாம், பழைய டோஸ் இன்சுலினோ மாத்திரையோ அப்படியே எடுத்தா லோ சுகர் ஆகிடும், அதனால புது டோஸ் என்னன்னு கைல எழுதி வாங்காம கிளம்பாதீங்க. பிரஷர் மாத்திரையும் அப்படித்தான், அதுலயும் நீர் பிரியிற மாத்திரை இருந்தா கட்டாயம் கேளுங்க, ஏற்கனவே தண்ணி கம்மியா குடிக்கிற உடம்பு, தலை சுத்தி விழுந்துடுவீங்க.

இப்ப எதிர்ப் பக்கம். பயத்துல சில பேர் ஒரு வாரம் ஆஸ்பத்திரிலயே இருந்துடறேன்னு கேப்பாங்க. அதனால பெரிய லாபம் இருக்குன்னு நான் நினைக்கல. ஏன்னா ரொம்ப பயப்பட வேண்டிய ரெண்டு விஷயம், லீக்கும் கால்ல இருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக் கட்டியும், நிறைய சமயம் வீட்டுக்கு வந்தப்புறம்தான் தலைய காட்டும். ஸ்லீவ் லீக் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு கூட வரும், அதுக்கு மேலயும் வந்திருக்கு. எத்தனை நாள்னு அதுக்காக ஆஸ்பத்திரில உக்காந்திருப்பீங்க? நல்லபடியா குடிச்சு நடந்து வீட்டுக்கு வந்துட்டு, அங்க கண்ண தொறந்து வச்சிருக்கிறதுதான் வழி. அன்னைக்கே வீட்டுக்கு வந்துட்டேன்னு பெருமை பேசறவங்களும் உண்டு, சில சென்டர்ல நல்லா பொறுக்கி எடுத்த ஆளுங்கள அப்படி அனுப்பறாங்க, தினம் போன் பண்ணி விசாரிக்க டீம் இருந்தா சரி. அந்த ஏற்பாடு இல்லாம வெறும் வேகம் மட்டும்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

வீட்டுல என்ன பாக்கணும்னா, ரெஸ்ட்ல இருக்கும்போதே பல்ஸ் 120 பக்கம் ஓடறது, 100.4 டிகிரிக்கு மேல ஜுரம், குறையாம கூடிகிட்டே போற வயித்து வலி, முதல்ல சரியாகிட்டு திரும்ப புதுசா வர்ற இடது தோள் வலி, மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா மோஷன், யூரின் ரொம்ப கம்மியா அடர் நிறத்துல போறது, எது குடிச்சாலும் வாந்தி. இதுல எது வந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு விடக் கூடாது, உடனே போன், இல்ல நேரா எமர்ஜென்சி, மூச்சு வாங்குறதும் நெஞ்சு வலியும்னா போன் கூட வேணாம், கிளம்பிடுங்க. ஆபரேஷன் பண்ண டீம் இருக்கிற இடத்துக்கே போறது நல்லது, அதுக்கு நேரம் இல்லாம பக்கத்துல வேற எங்கயாவது போனா வாசல்லயே இந்த ஆபரேஷன் பண்ணி இத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லிடுங்க, டிஸ்சார்ஜ் சம்மரிய நீட்டுங்க, சாதாரண அசிடிட்டின்னு ஊசி போட்டு அனுப்பிடக் கூடாது பாருங்க. விடாம நாள் கணக்குல வாந்தி எடுக்கிறவங்களுக்கு தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி தேவையான்னும் கேளுங்க. அந்த வைட்டமின் சட்டுனு தீர்ந்து போனா மூளை நரம்பையே பாதிக்கும், குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி அத போடறதுதான் முறை.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு எல்லாருக்கும் வீட்டுக்குப் போற அவசரம், பில்லு, மருந்துக் கடை வரிசை, இதுல கேக்க வேண்டியத விட்டுடுவோம். நான் முந்தின ராத்திரியே தம்பிய எழுத வச்சேன். எந்த மாத்திரைய பொடி பண்ணலாம், எத பண்ணக் கூடாது? மெதுவா கரையுற மாத்திரை, லாங் ஆக்டிங்னு போட்டிருக்கிறத பொடி பண்ணா மொத்த மருந்தும் ஒரே நேரத்துல இறங்கிடும், அதுக்கு பதிலா வேற வாங்கிக்கணும். வலிக்கு எது எடுக்கலாம்? ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா இரைப்பைய புண்ணாக்கும், பைபாஸ் பண்ணவங்களுக்கு ரொம்பவே ஆகாது, வீட்டு மருந்து டப்பால இருந்து அத எல்லாம் எடுத்து ஓரமா வைங்க. ரத்தம் உறையாம இருக்கிற ஊசிய வீட்டுலயும் போடணுமா, எத்தனை நாளைக்கு? எங்க அக்கம்பக்கத்து பெட்ல சிலருக்கு இருந்துச்சு, சிஸ்டர் அவங்க கூட இருக்கிறவங்க கையில குடுத்து வயித்துத் தோல கிள்ளிப் பிடிச்சு எப்படி போடறதுன்னு அங்கயே செஞ்சு பாக்க வச்சாங்க. அசிடிட்டி மாத்திரை எவ்ளோ நாள், பித்தப்பைல கல்லு வராம இருக்க மாத்திரை உண்டா, முதல் செக்கப் எப்ப, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த நம்பருக்கு கூப்பிடறது. கடைசி கேள்விக்கு ரிசப்ஷன் நம்பர குடுத்தாங்க, அது பத்தாதுன்னு டியூட்டி டாக்டர் எடுக்கிற நம்பரா கேட்டு வாங்கினோம், தம்பி அங்கயே ஒரு தடவை அடிச்சும் பாத்துட்டான்.

இன்சூரன்ஸ்ல பண்றவங்க ஒரு விஷயம் முன்னாடியே கேட்டுக்குங்க, பேக்கேஜ்ல எத்தனை ராத்திரி அடக்கம், அதுக்கு மேல ஒரு நாள் ஆனா யார் தலைல விழும்னு. அந்த பயத்துலயே சில பேர் குமட்டல மறைச்சு "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்"னு சொல்லி கிளம்பறாங்க, அது வேணாம்.

எடுத்துட்டுப் போற பைய பத்தி நிறைய கதை சொல்வாங்க, அவ்ளோ எல்லாம் தேவை இல்ல. முன்பக்கம் திறக்கிற லூசான டிரஸ், உதட்டுக்கு தடவ ஏதாவது, நீளமான வயர் இருக்கிற சார்ஜர், குனியாம மாட்டுற செருப்பு, ஒரு சின்ன தலகாணி. தலகாணி தூங்க இல்ல, இருமல் தும்மல் வரும்போது வயித்துல அமுக்கிப் பிடிக்க, அப்புறம் வண்டில சீட் பெல்ட்டுக்கும் வயித்துக்கும் நடுவுல வைக்க. புத்தகம் எல்லாம் தூக்கிட்டு போனேன், ஒரு பக்கம் திருப்பல.

ரொம்ப தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு என் யோசனை, டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா ஊருக்கு கிளம்பாம முதல் செக்கப் முடியுற வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு பக்கத்துலயே எங்கயாவது தங்கப் பாருங்க. அந்த நாள்தான் ஏதாவது வர்ற நாள். முடியாது, போய்த்தான் ஆகணும்னா வண்டிய மணிக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கி நாலு எட்டு நடங்க, கால மடக்கியே உக்காந்து வராதீங்க, வழி முழுக்க அந்த சின்ன கப்பு கைல இருக்கட்டும். ஆபீஸ் லீவ ஆஸ்பத்திரி நாள வச்சு போடாதீங்க, உக்காந்து பாக்குற வேலைன்னா கூட ரெண்டு வாரம் கேட்டு வைங்க, எடை தூக்குற வேலைன்னா அதுக்கு மேல, டாக்டர் என்ன எழுதித் தர்றாரோ அது. கூட இருக்க ஆள் ஆஸ்பத்திரில இருக்கிறத விட வீட்டுக்கு வந்த முதல் வாரத்துக்குத்தான் முக்கியமா வேணும், அதனால ஒருத்தருக்குத்தான் லீவு கிடைக்கும்னா அந்த லீவ வீட்டுக்கு வந்தப்புறம் போடச் சொல்லுங்க, வார்டுல சிஸ்டருங்க பாத்துக்குவாங்க.